அம்மாப்பேட்டை தட்டுவடை செட்: பார்சல் வேண்டாம், நின்று சாப்பிடுங்கள்

சேலம் அம்மாப்பேட்டை மெயின் ரோட்டிலிருந்து பிரியும் சந்தொன்றில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நிற்கும் தள்ளுவண்டி. பெயர்ப்பலகை கிடையாது. கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிய க்யூஆர் அட்டைதான் அடையாளம்.

சேலத்துக்காரர்களுக்கு செட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: தட்டுவடை என்றால் மொறுமொறு தட்டை. ஒரு வடையில் பச்சைச் சட்னி, இன்னொன்றில் காரச் சட்னி, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், பொடி வெங்காயம். அப்படியே ஒரே வாயில் போட வேண்டும். இந்த அக்கா ஐந்து செட்டையும் மொத்தமாக அடுக்கித் தரமாட்டார். நாம் ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்தது தட்டில் விழும். சட்னி பட்ட வடை ஓரிரு நிமிடம்தான் தாங்கும். போன வாரம் ஒரு பெண் தட்டைத் திருப்பித் திருப்பி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் எடுத்துக்க கண்ணு, வடை நமத்துரும்" என்றார் அக்கா.

அதனால் வண்டியைச் சுற்றி நின்றே ஆக வேண்டும். தறி வேலை முடித்து வருகிறவர், டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள், எல்லோரும் தோளோடு தோள். "காரம் எப்படிங்க?" என்று தொடங்கும் பேச்சு எங்கெங்கோ போகும்.

பார்சல் கேட்டால் வடை, காய், சட்னி தனித்தனியாகக் கட்டித் தருகிறார். வீட்டில் சேர்த்துச் சாப்பிட்டுப் பார்த்தோம். ருசி இருக்கிறது, ஆனால் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்து தின்றோம். பார்சல் வாங்க வரும் டெலிவரி தம்பிகளும் பாவம், ஓரமாக நின்று திரையையே பார்க்கிறார்கள். அவர்களுக்கு நேரம் இல்லை.

யுபிஐ 2016-லேயே வந்துவிட்டாலும் இந்த வண்டிக்கு வந்தது கொரோனாவுக்குப் பிறகுதான். முன்பெல்லாம் சில்லறை இல்லையென்றால் "நாளைக்குக் குடு" என்பார். அந்தப் பாக்கிக்காகவே மறுநாள் போவோம், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். இப்போது ஸ்பீக்கர் பெட்டி தொகையைச் சொன்னதும் ஆள் நகர்ந்துவிடுகிறார். அக்காவுக்குக் கணக்கு சுத்தமாக இருக்கிறது, அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த விசாரிப்பு போனது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

மேப் பார்த்து ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டியிலிருந்தெல்லாம் பெண்கள் கூட்டாக வருகிறார்கள். இரவு எட்டு மணிக்கு இந்தச் சந்தில் பெண்கள் நின்று சாப்பிட்டு முன்பு நான் பார்த்ததே இல்லை. செல்போன் தந்த பெரிய நன்மை இது.

ஐந்து செட் 40 ரூபாய். பூண்டு செட்டைத் தவறவிடாதீர்கள், நொறுக்கல் (வடையை நொறுக்கி காய், சட்னியோடு கலந்தது) சுமார்தான். ஞாயிற்றுக்கிழமை நிற்க இடம் கிடைக்காது. வார நாளில் ஆறு மணிக்குள் போனால் அக்காவிடம் நாலு வார்த்தை பேசலாம்.