பனியன் கம்பெனி ஆபீசில் சில வருடம்: டிவிஆர், நாஸ், யூபிஎஸ்

திருப்பூரில் நடுத்தர பனியன் கம்பெனி ஒன்றின் ஆபீஸ் கம்ப்யூட்டர் சமாச்சாரங்களைக் கவனிப்பது என் வேலை. கேமரா ரெக்கார்டர் (டிவிஆர்), எல்லாரும் நெட்வொர்க் வழியே பைல்கள் வைக்கும் நாஸ் பெட்டி, யூபிஎஸ் எல்லாமே கொரோனாவுக்கு முன்னால் வாங்கியவை. வாங்கிய வாரத்தில் எழுதும் ரிவ்யூவில் வராத சங்கதிகளை மட்டும் சொல்கிறேன்.

டிவிஆரின் படத்தில் குறையே இல்லை, ராத்திரியிலும் கட்டிங் டேபிள் பளிச்சென்று தெரிகிறது. சிக்கல் வேறு. மாட்ட வந்தவர் யூசர்நேம் ‘அட்மின்’, பாஸ்வேர்டு ‘123456’ என்று வைத்து, ரவுட்டரில் போர்ட்டையும் (வெளியிலிருந்து டிவிஆருக்கு வரும் வழி) திறந்துவிட்டு, “இனி போன்லயே பாத்துக்கலாங்ணா” என்று கிளம்பிவிட்டார். நான் எட்டிப் பார்த்த பக்கத்து ஆபீஸ்களிலும் இதே கதைதான். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பிடித்தது இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான். கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் 60 சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும், அவ்வளவே அதன் வித்தை. அந்த அக்டோபரில் டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை, அதாவது வெப்சைட் பெயருக்கு இன்டர்நெட் முகவரி சொல்லும் நிறுவனத்தை, அது அடித்தபோது ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. அப்போது சிக்கிய சில மாடல்களில் திரையில் பாஸ்வேர்டை மாற்றினாலும், தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் டெல்நெட் வசதியின் பாஸ்வேர்டு மாறாமல் அப்படியே கிடந்தது.

எங்கள் டிவிஆருக்கு அப்டேட் வருவது இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. அதனால் போர்ட்டை மூடி, போர்ட்டைத் தானாகத் திறந்துவிடும் யூபிஎன்பி வசதியை அணைத்து, டிவிஆரைத் தனி நெட்வொர்க்கில் தள்ளிவிட்டேன். வெளியிலிருந்து பார்க்க விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனி வழி) போட்டுத்தான் வரவேண்டும். முதலாளிக்கு இதில் மகா எரிச்சல். “ஏங்கண்ணு, முன்னெல்லாம் டக்குனு வந்துருமே?” வந்துவிடும்தான், யாருக்கு வேண்டுமானாலும்.

நாஸ் பற்றி நல்ல அபிப்பிராயம். ஒரு டிஸ்க் போனபோது புதிதாக ஒன்று செருகினோம், ஒரு பேட்டர்ன் பைல்கூடத் தொலையவில்லை. ஆனால் ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமல் விடுபவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அழித்தால் இரண்டிலும் சேர்ந்தேதான் அழியும். 2021 ஜூனில், நெட்வொர்க்கில் மாட்டும் மை புக் லைவ் என்ற டிஸ்க் பெட்டி வைத்திருந்தவர்களின் டேட்டாவை இன்டர்நெட் வழியாகவே யாரோ துடைத்தார்கள். அதற்குக் கடைசி அப்டேட் வந்தது 2015-ல். பேக்டரி ரீசெட்டுக்கு முன் பாஸ்வேர்டு கேட்கும் வரிகளை நிரல் எழுதியவர்களே செயலிழக்க வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. நாங்கள் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் டேலி டேட்டாவை யூஎஸ்பி டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, பீரோவில் வைக்கிறோம். அவ்வப்போது வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்ப்போம்.

இன்டர்நெட் இரண்டு கம்பெனி லைன். இரண்டும் ஒரே பள்ளத்தில் போகிறது என்பதைச் சாக்கடை தோண்ட வந்த ஜேசிபி காட்டிக்கொடுத்தது. இப்போது இரண்டாவது லைன் சிம் போட்ட ரவுட்டர். இன்னொரு தலைவலி, சரக்கு அனுப்ப ஜிஎஸ்டிக்காக ஆன்லைனில் போடும் இ-வே பில். 2025 ஏப்ரல் 1 முதல் அதில் லாகின் செய்ய எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். முதலாளி போன் எடுக்கவில்லை என்றால் லாரி வாசலில் நிற்கும். டெஸ்பாட்ச்காரருக்குத் தனி சப்-யூசர் (அவருக்கென்று ஒரு லாகின்) போட்டு, ஓடிபி காட்டும் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு ஆப்பைப் போனில் ஏற்றிக்கொடுத்தேன். சிக்னல் இல்லாவிட்டாலும் அதில் ஓடிபி வரும்.

யூபிஎஸ்ஸைப் பொறுத்தவரை பேட்டரியை வெயில் தின்றுவிடுகிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதி. தகர ஷெட்டிலிருந்து ஏசி ரூமுக்கு மாற்றியபின் தேவலை. மாதாந்திர மின்தடை நாளில் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை தாங்கினால் போதும். அதற்குமேல் நீடித்தால் யூஎஸ்பி கேபிள் வழியாகச் சேதி போய் நாஸ் தானாக அணைந்துகொள்கிறது.

மறுபடி வாங்குவதென்றால் நாஸ் அதே மாடல்தான். டிவிஆர் வேண்டவே வேண்டாம். புது ரெக்கார்டருக்குக் கொட்டேஷன் கேட்டபோது எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள் என்று எழுதித்தரச் சொன்னேன். வந்த எல்லாக் கொட்டேஷனிலும் டெராபைட் கணக்கு இருக்கிறது, அந்த வருடக் கணக்கு மட்டும் இல்லை.