70ஸா 80ஸா? என் ஓட்டு 70ஸுக்குத்தான்

மேற்கத்திய பாப் பாட்டுல 1970கள் பெஸ்ட்டா 1980கள் பெஸ்ட்டான்னு பாத்தா, 80ஸோட பலம் சவுண்டு. 1980ல ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின், 1983ல யமஹா டிஎக்ஸ்7 சிந்த் (எலக்ட்ரானிக் கீபோர்டு), அதே வருஷம் இந்த மாதிரி கருவிகளை ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற மிடி, இதெல்லாம் வந்ததும் ஒரே ஆள் ரூம்ல உக்காந்து முழு பாட்டையும் பண்ண முடிஞ்சுது, 1981ல பாட்டு வீடியோ போடுற எம்டிவி சேனல் வேற வந்துச்சா, மைக்கேல் ஜாக்சன், மடோனான்னு பாக்கவும் கேக்கவும் செம. ஹிப்ஹாப்பும் அப்பதான் பெருசாச்சு, ஒத்துக்கறேன்.

ஆனா 70ஸ்ல டிரம்மர் கையால வாசிக்கிறப்ப டெம்போ லேசா ஏறும் இறங்கும் பாருங்க, பாட்டு மூச்சு விடுற மாதிரி இருக்கும், எனக்கு அதுதான் உயிரு. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரை எடுத்துக்கோங்க, 1972ல இருந்து 1976க்குள்ள அஞ்சு ஆல்பம், அதுல மூணுக்கு அந்தந்த வருஷத்தோட சிறந்த ஆல்பம்னு கிராமி! அவரும் சிந்த் நிறைய யூஸ் பண்ணவர்தான், ஆனா ஒரு இடத்துலகூட மெஷின் மாதிரி கேக்காது.