அவசர சிகிச்சைப் பிரிவில் கேமரா: லண்டனும் நியூயார்க்கும்

2011இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி தொடங்கிய '24 ஹவர்ஸ் இன் ஏ அண்ட் இ' (ஏ அண்ட் இ என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு) நிகழ்ச்சி, லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் சுமார் 70 கேமராக்களைப் பொருத்திப் படமெடுத்தது. காத்திருப்பவர் விரல்களைப் பிசைவதுகூடத் தெரியும்; சிகிச்சைக்கு நடுவே கேமராமேன் குறுக்கே வருவதில்லை.

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியின் 'என்ஒய் மெட்' நிகழ்ச்சியோ நியூயார்க் மருத்துவமனைக்குள் படக்குழுவையே அனுப்பியது. வண்டி மோதி உயிருக்குப் போராடிய முதியவரைக் குடும்பத்திடம் கேட்காமலே படமெடுத்தார்கள். முகத்தை மங்கலாக்கி 2012இல் ஒளிபரப்பியபோது, டிவி பார்த்துக்கொண்டிருந்த மனைவி குரலை வைத்தே கணவரை அடையாளம் கண்டார். எவ்வளவு பெரிய கொடுமை! நோயாளிகளை அனுமதியின்றிப் படமெடுக்க விட்டதற்காக 2016இல் மருத்துவமனை 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

விறுவிறுப்பு நியூயார்க்கில் அதிகம்தான். ஆனாலும் நான் லண்டன் பக்கமே நிற்பேன்.