ஓடுற வரை ஓடட்டுமா, மாசாமாசம் ரீபூட்டா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஜவுளிக் கடை, பலகாரக் கடை என்று பில்லிங் சர்வர் இருக்கும் இடத்திலெல்லாம் இரண்டு கட்சி உண்டு. "நல்லாத்தானே ஓடுது, கை வைக்காதீங்க" என்பது ஒன்று. அப்டேட் வந்தால் ரீபூட் (அணைத்து மறுபடி எழுப்புவது) செய்தே ஆகவேண்டும் என்பது மற்றது. நான் இரண்டாவது.

சர்வரில் இருக்கும் லினக்ஸ் ஓஎஸ் வருடக்கணக்கில் அசையாமல் ஓடும், உண்மைதான். விண்டோஸ் 95 போல 49.7 நாளில் நேரத்தை எண்ணும் உள் கவுண்டர் நிரம்பி உறைந்துபோகிற காலமும் போய்விட்டது. ஆனால் நீங்கள் அப்டேட் போட்டாலும் ரீபூட் ஆகும்வரை மெமரியில் ஓடுவது பழைய கெர்னல்தான் (கெர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப் பகுதி). 2016-ல் டர்ட்டி கவ் என்ற லினக்ஸ் கெர்னல் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அதை அடைக்கும் பேட்சை இறக்கிவிட்டு ரீபூட் செய்யாத சர்வர் எல்லாம் திறந்த வீடுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு வருடம் அணைக்காத மெஷின் திரும்ப எழுந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. நடுவில் யாரோ கையால் ஸ்டார்ட் செய்த டேட்டாபேஸ், மெஷின் பூட் ஆகும்போது தானாக எழும்படி அமைக்கப்படாமலே இருக்கும். கழற்றிப்போட்ட பேக்கப் டிஸ்க்கின் வரி எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) அப்படியே கிடக்கும். ஒருநாள் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் தீர்ந்து, திரும்ப வரும்போது அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில், அதாவது பில்லிங் எதுவும் ஓடாமல் பழுதுபார்க்கும் திரையில் நிற்கும், கவுண்டரில் கல்யாணப் பலகாரம் வாங்க வந்தவர்கள் நிற்பார்கள்.

ரீபூட் இல்லாமலே ஓடுகிற கெர்னலைச் சரிசெய்யும் லைவ் பேட்ச்? லினக்ஸ் 4.0-விலேயே (2015) வந்துவிட்டது, உபுண்டு லினக்ஸின் ப்ரோ சந்தாவில் 5 மெஷின் வரை இலவசம். போட்டு வையுங்கள். ஆனால் கெர்னலை மட்டும்தான் சரிசெய்யும், பூட் ஆகுமா என்ற சந்தேகத்தைத் தீர்க்காது.

ராத்திரி 2 மணிக்குத் தானாக ரீபூட் ஆகும்படி வைப்பது எனக்குப் பிடிக்காது. எழவில்லை என்றால் பார்க்க ஆள் இல்லை.

என் தேர்வு, மின்வாரியம் பராமரிப்புக்காக கரண்டை நிறுத்தும் நாள். முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், எப்படியும் அணைக்கத்தான் போகிறோம். காலையில் முறையாக ஷட்டவுன் செய்து, சாயங்காலம் ஆள் பக்கத்தில் இருக்க ஆன் செய்யுங்கள். ஓஎஸ் மாற்றம் போன்ற பெரிய வேலைக்கு மார்கழி முதல் பாதி, முகூர்த்தம் கிடையாது. 99.9 சதவீத அப்டைம் (சர்வர் ஓடும் நேரம்) என்றாலே வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம் நிறுத்திவைக்கக் கையில் இருக்கிறது, மாதம் 10 நிமிடம் போனாலும் வருடத்துக்கு 2 மணி நேரம்தான்.

அப்புறம், கவுண்டரில் விண்டோஸ் 10, 11 இருந்தால் ஷட்டவுன் செய்து ஆன் செய்வதை ரீபூட் என்று கணக்கில் எடுக்காதீர்கள். சீக்கிரம் எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால் பழைய கெர்னல் நிலையையே சேமித்து எழுப்பும். ரீஸ்டார்ட்டையே அழுத்துங்கள்.