அண்ணா நகர் ஸ்கேன் சென்டரில் அம்மாவுக்குச் சைனஸ் எக்ஸ்ரே

குனிந்தாலே நெற்றியும் கன்னமும் கனத்து வலிப்பதாக அம்மா சொன்னதால், மருத்துவர் எழுதித் தந்த சீட்டுடன் மதுரை அண்ணா நகரில் உள்ள ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துச் சென்றேன். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. ஆனால் தோடு, மூக்குத்தி, சங்கிலி, கொண்டை ஊசி அனைத்தையும் கழற்ற வேண்டும். இதை முன்பதிவின்போதே சொல்லியிருக்கலாம். பல ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தியின் திருகு இறுகிப்போயிருக்க, அங்கிருந்த பெண் ஊழியர் சற்றும் அவசரப்படுத்தாமல், ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கழற்றி, காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். அந்தப் பொறுமைக்காகவே இவ்விடத்தைப் பரிந்துரைப்பேன்.

படுக்க வைக்காமல் நிற்க வைத்து, மோவாயைப் பலகையில் பதித்து, வாயைத் திறந்தபடி அசையாமல் இருக்கச் சொன்னார்கள். நிமிர்ந்த நிலையில் எடுத்தால்தான் கன்ன எலும்பினுள் உள்ள காற்றுக் குழியில் (சைனஸ்) தேங்கிய நீரின் மட்டம் கோடாகத் தெரியும். வலி இல்லை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. எனினும் கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

காற்றுள்ள குழி கறுப்பாகவும் அடைபட்டது வெளுப்பாகவும் தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். அம்மாவின் இடது கன்னக் குழி வெளுத்திருந்தது. நுணுக்கமாகப் பார்க்க நேர்ந்தால் சி.டி. ஸ்கேன்தான் உதவும் என்றார்.