அட்டையில் மணப்பெண், உள்ளே உளவாளிகள்: வாங்க முதல் பிரித்துப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்ப்பு நாவல் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அட்டையை மட்டும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

அம்மம்மாவுக்காக நகரில் ஒரு கடையில் குடும்ப நாவல் கேட்டேன். தந்த புத்தகத்தின் அட்டையில் கூறைச்சேலை உடுத்த பெண், பின்னால் கோயில் கோபுரம். பின்னட்டையிலும் காதல், கண்ணீர் என்றுதான் எழுதியிருந்தது. பொலித்தீன் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள், பிரித்துப் பார்க்க விடவில்லை. விலை 1,800 ரூபாய்.

வீட்டில் பிரித்தால் முதல் பக்கத்திலேயே கிழக்கு பெர்லின். 1961இல் நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவர் எழும்பிய பிறகு அங்கே அகப்பட்ட ஒரு உளவாளியை மேற்குக்குக் கொண்டுவருகிற கதை. அம்மம்மா கொஞ்சம் வாசித்துவிட்டு, "இதென்ன பிள்ளை, ஒரே பொலிசும் துவக்குமாய்க் கிடக்கு" என்று வைத்துவிட்டார்.

நான் இரவிரவாக வாசித்து முடித்தேன். அருமையான நாவல். யார் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. முடிவு மேற்கு பெர்லின் எல்லையில் இருக்கிற கிளீனிக்கே பாலத்தில் நடக்கிறது. 1962இல் அமெரிக்க விமானி பவர்ஸையும் சோவியத் உளவாளி ஆபெலையும் கைமாற்றிய அதே பாலம். என் கோபம் கூடியதே இதனால்தான். இப்படியான கதையைத் தேடித் திரிகிற பெடியங்கள் அந்த அட்டையைக் கண்டால் கையில்கூட எடுக்க மாட்டார்கள். மொழிபெயர்த்தவரின் பெயரும் எங்கேயும் இல்லை. இவ்வளவு நல்ல தமிழில் தந்தவருக்கு இது பெரிய அநியாயம்.

திருப்பிக் கொண்டுபோனபோது, "உறை பிரிச்ச புத்தகம் எடுக்கேலாது தம்பி. அட்டை நாங்கள் போட்டதில்லை" என்றார் கடைக்காரர். சரி என்று பதிப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். குடும்ப நாவல் என்றால்தான் விற்கும் என்று கூசாமல் சொன்னார்கள்.

ஆகவே, காசு கொடுக்க முதல் உறையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். நூல் விபரப் பக்கத்தில் மூலநூலின் பெயரும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு பக்கத்தை அங்கேயே நின்று வாசியுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. என் பில்லில் 'குடும்ப நாவல்' என்றே எழுதியிருக்கிறது. அதை வைத்து அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு கொடுத்துவிட்டேன். இதே அட்டையோடு வாங்கியவர்கள் இருந்தால் நீங்களும் கொடுங்கள்.