லைப்ரரி இருக்கிறது, லோடருக்குத் தெரியவில்லை: மூன்று வழிகளில் எது?

கோத்தகிரி சுமார் 1800 மீட்டர் உயரம். மூடுபனி இறங்கினாலும் விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் சிக்னல் இங்கே நன்றாக வரும். அதைப் பிடிக்க, யூஎஸ்பி-யில் செருகும் ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் வாங்கி, அதன் லினக்ஸ் மென்பொருளைத் தானே பில்ட் செய்த குன்னூர் தம்பி ஒருவன் போன் செய்தான்.

"அண்ணா, மேக் இன்ஸ்டால் வரைக்கும் ஒரு எரர்கூட இல்ல. ஆனா டாங்கிளைச் சோதிக்கிற ஆர்டிஎல்_டெஸ்ட் ஓட்டினா லைப்ரரியைத் திறக்க முடியலன்னு வருது. பில்ட் ஃபோல்டருக்குள்ள இருந்து ஓட்டினா ஓடுது!"

அவன் கடைசியாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பில்ட் வேலையை நடத்தும் கருவியான சிமேக், பில்ட் செய்யும்போது லைப்ரரி (புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு ஃபைல்) இருக்கும் இடத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைக்கும். அதுதான் ஆர்பாத். இன்ஸ்டால் செய்யும்போது அதை நீக்கிவிடும். அப்புறம் லோடர், அதாவது புரோகிராம் தொடங்கும்போது லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் பகுதி, தன் கேஷைத்தான் (தெரிந்த லைப்ரரிகளின் பதிவு) நம்பும். புதிதாக வந்த ஃபைல் அதில் ஏறியிருக்காது. எந்த லைப்ரரி எங்கே கிடைக்கிறது என்று காட்டும் எல்டிடி கமாண்டைப் போடச் சொன்னேன். லைப்ரரி பெயருக்கு எதிரே 'நாட் ஃபவுண்ட்'.

பலரும் முதலில் கைவைப்பது, லோடர் கூடுதலாகத் தேட வேண்டிய ஃபோல்டரைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறி. புது பில்டை ஒருமுறை சோதிக்க, கமாண்டுக்கு முன்னால் எழுதினால் அருமையான வழி. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில் நிரந்தரமாகப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். நானே போட்டு வைத்திருந்தேன். சில மாதம் கழித்து வேறொரு புரோகிராம் அந்த ஃபோல்டரில் கிடந்த பழைய வெர்ஷனை எடுத்துக்கொண்டு 'அன்டிஃபைண்ட் சிம்பல்' என்று நின்றது. காரணம் பிடிபட இரண்டு இரவு ஆனது. ஃபைலின் உரிமையாளர் அதிகாரத்தோடு ஓடும் செட்யூஐடி புரோகிராம்களில் இது எடுபடவும் செய்யாது.

உங்கள் சொந்த மெஷின் என்றால், லோடரின் கேஷைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்தான். உபுண்டு, டெபியனில் மேக் இன்ஸ்டால் லைப்ரரியை வைக்கும் யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப் ஃபோல்டர் ஏற்கெனவே லோடர் தேடும் இடங்களின் பட்டியலில் உண்டு. சூடோ எல்டிகான்ஃபிக் என்று ஒருமுறை அடித்தால் போதும். ஃபெடோராவில் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல் போட்டு அந்த இடத்தை எழுதிய பிறகு அடிக்க வேண்டும். தம்பிக்கு இதிலேயே சரியாகிவிட்டது.

அடுத்து அவன் ஒரு பள்ளியில், பதிவு செய்த சிக்னலை, விமானத் தகவலாக மாற்றும் டம்ப்1090-இல் ஓட்டிக் காட்டப் போகிறான். எல்டிகான்ஃபிக்குக்கு வேண்டிய ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு அங்கே கிடைக்காது. அப்போது ஆர்பாத்தைவிட நல்ல வழி இல்லை. 'டாலர் ஆரிஜின்' என்று கொடுத்தால், புரோகிராம் இருக்கும் ஃபோல்டரையே தொடக்கமாக வைத்துத் தேடும். லைப்ரரியையும் கூடவே வைத்தால், பென்டிரைவில் அந்த ஃபோல்டர் எங்கே இருந்தாலும் லைப்ரரி கிடைக்கும். ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும், இல்லையென்றால் ஷெல் அதை விழுங்கிவிடும். மறுபடி கம்பைல் செய்யவும் வேண்டாம், கம்பைல் ஆன ஃபைலிலேயே ஆர்பாத்தை மாற்றும் பேட்ச்எல்ஃப் போதும். ஆடி மழையில் பாதி கம்பைலில் கரண்ட் போகிற ஊரில் இது பெரிய ஆறுதல்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இப்போதைய லிங்கர்கள் (புரோகிராமை லைப்ரரிகளோடு இணைக்கும் கருவிகள்) இந்த இடத்தைப் பெரும்பாலும், ஆர்பாத்தின் புது வடிவமான ரன்பாத் என்றே பதிகின்றன. அது புரோகிராம் நேரடியாகக் கேட்ட லைப்ரரிக்குத்தான் செல்லும். டாங்கிளின் லைப்ரரியான லிப்ஆர்டிஎல்எஸ்டிஆர், யூஎஸ்பி சாதனங்களோடு பேசும் லிப்யூஎஸ்பி-யைத் தனக்காகக் கேட்கும்; பென்டிரைவில் இருக்கும் லிப்யூஎஸ்பி-யை எடுக்க, லிப்ஆர்டிஎல்எஸ்டிஆர் ஃபைலுக்கும் தனியாகப் பேட்ச் செய்ய வேண்டும். கிளம்புமுன் இரண்டையும், ஃபைலுக்குள் பதிந்திருப்பதைக் காட்டும் ரீட்எல்ஃப்-இல் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.